அடைக்காமல் விட்ட சொட்டு

ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பால்கனியில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை யாரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்தத் தண்ணீர் தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டுச் சுவரில் ஓதமாகப் பரவியதும் எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்ததும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால், பாசியைப் பற்றியும் துளியைப் பற்றியும் அழகழகாக எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் அடுக்ககம் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கமாக இருக்கிறது. நாங்கள் மூன்றாவது மாடி. முன்பக்கப் பால்கனியில் நின்றால் கோபுரம் தெரியும். வீட்டைக் காட்ட வந்தவர் அதைத்தான் மூன்று முறை சொன்னார். பின்பக்கத்தில் வாஷிங் மெஷின், துணிக்கொடி, இரண்டு பழைய பக்கெட், எட்டித் தொடுகிற தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். காலை ஏழேகாலுக்கு இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வெயில் ஒரு கீற்றாக உள்ளே வரும். இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். வீட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வாஷிங் மெஷினுக்குப் போகிற குழாய் சுவரை விட்டு வெளியே வந்து வளைகிற இடத்தில் ஒரு மூட்டு. ஆடி மாதம் ஒருநாள் அதிலிருந்து ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தேன். பத்து மூச்சுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். அது விழுந்த மூலையில் ஏற்கெனவே கொஞ்சம் பச்சை படிந்திருந்தது. சில வாரங்களில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பாசியாக எழுந்துவிட்டது. பாசிக்குள்ளிருந்து ஒரு புளியாரைச் செடி தலையை நீட்டியது. எங்கிருந்தோ ஒரு பெரணிச் செடியும் வந்து சேர்ந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. குழாய் மட்டும் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

என் கணவருக்குக் கைலாசபுரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாய்லருக்குப் போகும் குழாய்களில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து, எங்கேயாவது கசிகிறதா என்று சோதிக்கிற பிரிவு. குழாய் லேசாக வியர்த்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிறவர். அவருடைய சொந்த வீட்டில் ஆறு மாதம் குழாய் ஒழுகியது என்று கூட வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று இன்றுவரை பயப்படுகிறார். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் ஸ்பேனரோடு வந்து நின்றார்.

“ஒரு டேப் சுத்தினாப் போதும். பத்து நிமிஷ வேலை.”

“தொட்டீங்கன்னா பாருங்க.”

“தண்ணி வீணாப் போவுதுல்ல?”

“வீணாப் போவல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“நீ பாத்துக்கிட்டே இருந்தா அது வீணாப் போவாதா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் வாக்குவாதம் அதற்கு மேல் போகாது. கோபம் வந்தால் இரண்டு நாள் நான் பேசமாட்டேன் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

இந்தப் புகைப்படப் பைத்தியம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல் பிடித்தது. முதலில் செல்போனில் கிளிப்பாக மாட்டுகிற ஒரு குட்டி லென்ஸ். பிறகு வீட்டில் சும்மா கிடந்த பழைய கேமரா. அதன் லென்ஸைக் கழற்றி, ஒரு வளையத்தின் உதவியால் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால், தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கிட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஒரு கடுகு திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் தெளிவாகத் தெரிகிற பகுதி ஒரு தலைமுடி கனம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் கரைந்துபோன நிறம். மூச்சு விட்டால்கூட துளி காணாமல் போய்விடும். அதனால் புழுங்கலரிசி போட்டுத் தைத்த சின்னப் பையின் மேல் கேமராவைச் சாய்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, தரையில் குப்புறப் படுத்திருப்பேன். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கணவர் உள்ளேயிருந்து எண்ணிச் சொல்வார்.

கண்ணை வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வீடு மறந்துபோகும். வழுக்கி விழுவோம் என்று பிரஷ்ஷால் தேய்க்கிறோமே, அந்தப் பாசிக்குள் இலைகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து செம்பு நிறத்தில் காம்புகள் எழும்பி நிற்கும். ஒவ்வொரு காம்பின் முனையிலும் ஒரு சிறிய உறை, உறைக்கு ஒரு தொப்பி. சொட்டு விழும்போது அந்தக் காடு மொத்தமும் ஒரு முறை குனிந்து நிமிரும். பிறகு அசைவு அடங்கி, காம்புகளுக்கு நடுவே தெறித்த துளிகள் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துளிக்குள்ளும் துணிக்கொடி தெரியும், என் நீல நிற நைட்டி தெரியும், அதற்குப் பின்னால் துண்டு வானம். எல்லாம் தலைகீழாக, எல்லாம் அமைதியாக.

பழைய பக்கெட்டின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. விடியற்காலையில் அதன் நுனியில் நிற்கிற துளியைப் பனி என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பனியில்லையாம். வேர் உறிஞ்சிய தண்ணீரில் மிஞ்சியதைப் புல்லே மெதுவாக நுனி வழியாக வெளியே தள்ளுகிறதாம். அதைப் படித்த மறுநாள் ஒரே ஒரு புல் நுனியின் முன்னால் படுத்து, துளி திரள்வதைப் பார்த்தேன். வளர்வது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். இதோ விழப்போகிறது என்று தோன்றும். விழாது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை வந்துவிடும். யாரோ தெருவில் வாழைத்தார் இறக்குகிற சத்தம் எங்கோ அடியாழத்திலிருந்து கேட்கும். எழுந்து பார்த்தால் முழங்கையில் தரையின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்திருக்கும். அன்று வேலைக்கு அரைமணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.

வேலை என்றால், நான் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். அங்கே சிலருக்கு என் படங்களைக் காட்டியது தவறாகிவிட்டது. பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைக் கேட்பார்கள். “ஸ்ரீரங்கத்துல இருக்கீங்க, துளிக்குள்ள கோபுரம் தெரியற மாதிரி ஒண்ணு எடுங்களேன்.” எனக்கு எரிச்சலாக வரும். “கோபுரத்தை நேராவே பாக்கலாமே. அதுக்குத்தானே அவ்வளவு பெருசா கட்டி வெச்சிருக்காங்க?” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் படம் கேட்பதில்லை.

கீழ்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், தனியாக இருக்கிறார். மருங்காபுரிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ரயில்வேயில் வேலை கிடைத்து, டிக்கெட் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு முறை பார்த்த முகத்தை மறக்க மாட்டார். பால் பாக்கெட் வாங்கப் போகும்போது எதிரே வருகிற யாரையாவது காட்டி, “இவரு வருஷா வருஷம் குடும்பத்தோட மெட்ராஸ் போவாரு, கீழ் பெர்த்துதான் வேணும்னு சண்டை போடுவாரு,” என்பார். அவரோடு நடந்தால் ஊரே ஒரு நீளமான வரிசையில் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

புரட்டாசியில் ஒருநாள் மாலை அவர் மேலே வந்தார்.

“ஹால் சுவர்ல ஓதம் அடிக்குதும்மா. பெயின்ட் உப்பிக்கிட்டு வருது. உங்க வீட்டுல எங்கயாவது லீக் இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்.”

“இங்க ஒண்ணும் இல்லியேக்கா,” என்றேன். “மழைக்காலம் வருதுல்ல, அதான். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும்.”

புரட்டாசியில் மழை இன்னும் சரியாகத் தொடங்கக்கூட இல்லை. நாக்கு கூசாமல் சொன்னேன். சொல்லும்போது நான் நின்ற இடத்திலிருந்து பால்கனிக் கதவு தெரிந்தது, அதற்குப் பின்னால் அந்தச் சொட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்குமோ என்று பயந்து டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன். அவர் காபி குடித்துவிட்டு, “சரிம்மா, போயிட்டு வரேன்,” என்று இறங்கிப் போனார். அந்த வாரம் பாசியின் காம்புகளில் முதல் தொப்பி கழன்று விழுந்ததைப் படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் அது ஒன்று.

என் கணவர் அன்று வீட்டில் இல்லை. இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார் என்பதால், அவரிடம் அக்கா வந்த விஷயத்தையே நான் சொல்லவில்லை.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க நான் கீழே போனேன். ஹால் சுவரில் ஓதம் ஆளுயரத்துக்கு இறங்கியிருந்தது. பழுப்பு ஓரம் போட்டு, நடுவில் உப்பு பூத்து. அந்த ஓதத்தின் நடுவே ஒரு மரச் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள், மற்றவள் பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருக்கிறாள்.

“உக்காந்திருக்கறது நான். நிக்கறது என் தங்கச்சி,” என்றார் அக்கா. “ரயில்வே பரீட்சைக்கு அப்ளிகேஷன்ல ஒட்ட எனக்கு ஒரு போட்டோ வேணும்னு திருச்சிக்கு வந்தோம். தொணைக்குத்தான் அவ வந்தா. ஸ்டுடியோவுக்குள்ள வந்ததும், நாம ரெண்டு பேரும் ஒண்ணு எடுத்துக்கலாம்க்கான்னு ஒரே பிடிவாதம். எனக்கு வேலை கெடச்சு ஆர்டர் வர்றதுக்குள்ள காமாலை வந்து போயிட்டா. பத்தொம்பது வயசு. வேற போட்டோ எதுவும் எடுத்ததில்ல. இது ஒண்ணுதான்.”

நான் படத்தைப் பார்த்தேன், பிறகு சுவரைப் பார்த்தேன். நூலகத்தில் என் வேலையே இதுதான். ஐப்பசி பிறந்தால் அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்வேன், மின்விசிறிகளை ஓடவிடுவேன், பழைய புத்தகங்களைத் திறந்து நிறுத்தி வைப்பேன். காகிதத்தின் மேல் ஈரம் என்ன செய்யும் என்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். படத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், ஓதம் இன்னும் இறங்குமா என்று கேட்பார். எங்கிருந்து இறங்குகிறது என்று கேட்பார். நான் அதிரசத் தட்டைக் கொடுத்துவிட்டு, “தங்கச்சி லட்சணமா இருக்காங்கக்கா,” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஆனால் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஐப்பசி மழை முடியட்டும், காம்புகள் எல்லாம் தொப்பி கழற்றி விதைத்தூளை உதறட்டும், அதை எடுத்துவிட்டால் போதும், மறுநாளே அடைத்துவிடலாம். கார்த்திகை வந்ததும் பெரணியின் சுருள் பிரிய ஆரம்பித்தது. அது பிரிந்து முடியட்டும் என்றேன். பிறகு பாசிக்குள் தூசி அளவுக்கு ஒரு பூச்சி வெள்ளையாக ஊர்ந்தது. கிட்டத்தில் பார்த்தால் அதற்கு முகம் இருந்தது, அது ஒரு துளியின் மேல் ஏறி நடந்தது, துளி உடையவில்லை. இதை விட்டுவிட்டு எப்படி அடைப்பது?

அந்த மழை நாட்கள் இப்போதும் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கின்றன. வெளியே காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வானம் கூரையில் வந்து உட்கார்ந்திருக்கும். தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சுவரில் சாய்த்துக் கொஞ்சம் வெளிச்சத்தைப் பாசியின் மேல் திருப்புவேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் பச்சை தானே ஒளிர்வது போல இருக்கும். ஒரு துளிக்கு இருபது படம் எடுப்பேன்; ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுடி கனம் தெளிவு. அப்புறம் கம்ப்யூட்டரில் இருபதையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் துளி முழுசாக எழுந்து வரும். அது திரையில் சேர்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். கீழே ஒரு சுவர் நனைகிறது என்பது அப்போது நினைவில் இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உண்மை அப்படித்தான் இருந்தது.

மார்கழியில், ஏகாதசிக் கூட்டம் வந்து தெருவெல்லாம் நிறைந்து வடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. முகம் கழுவாமல், தலை வாராமல் அவர் மாடி ஏறி வந்து நான் பார்த்ததில்லை.

“ஒட்டடை அடிக்கலாம்னு போட்டோவைக் கழட்டினேம்மா,” என்றார். “பின்னாடி அட்டை சொதசொதன்னு இருக்கு. பாருங்க, என்ன ஆயிருக்குன்னு.”

துண்டைப் பிரித்தேன். படம் ஓரங்களில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றிருந்தவளின் தோளில் தொடங்கி, கழுத்தில் ஏறி, முகத்தில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது.

“எங்க ஊர்ல இருந்திருந்தா நூறு வருஷம் அப்படியே இருந்திருக்கும். அங்க ஈரமே கெடையாது,” என்றார். “நீங்க சின்னதையெல்லாம் பெருசா எடுப்பீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு. இதுல அவ முகம் எவ்வளவு வருமோ, அவ்வளவு எடுத்துக் குடுங்கம்மா.”

கண்ணாடியைப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள், பிரித்தால் படம் கண்ணாடியோடு வந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். நிழலில் காயவைத்து நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் போனதும் பின்னால் திரும்பினேன். என் கணவர் உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். குழாயின் மூட்டைக் கழற்றி, துடைத்து, வெள்ளை டேப்பைச் சுற்றி மறுபடி முறுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு நாள் படம் காய்ந்தது. பொங்கல் விடுமுறையில் பால்கனியில் அதே இடத்தில் அதை வைத்து, அதே அரிசிப் பையில் கேமராவைச் சாய்த்து, ஏழேகால் வெயிலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் பாசியின் ஓரங்கள் காய்ந்து பழுப்பேறத் தொடங்கியிருந்தன. பக்கவாட்டில் வெளிச்சம் வந்ததும் கண்ணை வைத்தேன். புடவையின் மடிப்பு, ஜாக்கெட்டின் ஓரம், தோளில் வைத்த விரல்கள். ஒவ்வொரு இடமாக நகர்த்தி, மெதுவாக முகத்துக்கு வந்தேன்.

அங்கே ஒரு தோட்டம் இருந்தது. வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு சின்னஞ்சிறு உருண்டை. சாய்ந்த வெயிலில் இழைகளின் நிழல்கள் காகிதத்தின் மேல் நீண்டு விழுந்தன. மூச்சு தானே நின்றது. வெளிச்சம் நகர்வதற்குள் என்று அவசரமாக ஃபோகஸைச் சரிசெய்து இருபது படம் எடுத்துவிட்டேன். எடுத்து முடித்து, ஆகா என்று நிமிர்ந்தபோதுதான் நான் எதை எடுத்தேன் என்று உறைத்தது. அந்தப் பெண்ணின் கன்னம் அது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு வாஷிங் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. வெயில் போகும்வரை மறுபடி அதைத் தொடவில்லை.

அடுத்த இரண்டு காலைகளில் மிச்சத்தை எடுத்தேன். கம்ப்யூட்டரில் சேர்த்தபோது ஒரு கண் வந்தது, முழுசாக, அதில் ஸ்டுடியோ விளக்கின் வெள்ளைப் புள்ளியோடு. ஒரு புருவம். மூக்குத்தி. உதட்டில் ஒரு ஓரம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற ஓரம். அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

என் கணவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருந்திருக்கிறது. பஸ்ஸில் யாரோ சொன்னார்கள் என்று, பழைய படங்களைச் சரிசெய்து தருகிற ஒரு செயலியைப் போனில் போட்டு, படத்தை அதில் கொடுத்தார். நொடியில் முகம் நிரம்பி வந்துவிட்டது. இரண்டு கண், வழவழப்பான கன்னம், அளவெடுத்த சிரிப்பு. அதையும் காட்டலாம் என்றார். நான் தடுக்கவில்லை. இந்தப் படத்தோடு எல்லாம் சரியாகிவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு மூலையில் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரிது?” என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு சிவப்பா எங்க வீட்டுல யாரும் கெடையாது,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. தவறான பெயரில் வந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பது போலக் கொடுத்தார். என் கணவர் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

நான் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். அந்த ஒரு கண்ணும் மூக்குத்தியும் உதட்டின் ஓரமும் திரையில் பெரிதாக வந்ததும் அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “ம். இது அவதான்,” என்றார். “சிரிக்காதம்மான்னு போட்டோக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு.” அவர் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னை உடைத்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“அக்கா, அந்த ஓதம் மழையில வந்ததில்ல. எங்க வீட்டுக் குழாய்தான். ஆடி மாசத்துலேருந்து எனக்குத் தெரியும். அவரு அடைக்க வந்தாரு. நான்தான் விடல. நீங்க வந்து கேட்டப்ப பொய் சொன்னேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எதுக்காக விடல?” என்றார்.

பாசிப் படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது என்ன?” என்பார். “பாசிதான்க்கா.” “இது?” “அதுக்கு மேல ஒரு சொட்டு.” காம்புகளைப் பார்த்தார், தொப்பி கழன்ற உறையைப் பார்த்தார், துளிமேல் நடந்த பூச்சியைப் பார்த்தார். ஆறு மாதமும் அவர் கண்முன்னால் ஓடியது. கவுன்ட்டரில் விண்ணப்பத்தைப் படிப்பது போல ஒன்றையும் விடாமல் பார்த்தார். நான் அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் கடைசியில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. நான் முடிக்கட்டும் என்று இருந்தார். பிறகு கேட்டார்.

“அவ முகத்துல படிஞ்சிருக்கே, அதையும் இப்படி எடுத்தீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புரட்டாசியில் சொன்ன மாதிரி சுலபமாக வந்திருக்கும்.

“எடுத்தேன்க்கா.”

“காட்டுங்க.”

திறந்தேன். வெள்ளை இழைகளும், முனையில் உருண்டைகளும், காகிதத்தில் விழுந்த நிழல்களும் திரை முழுவதும் விரிந்தன. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடினார். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்து, இழைகள் அடர்ந்திருந்த ஓர் இடத்தில், கொஞ்சம்கூடத் தயங்காமல் வைத்தார்.

“இங்க ஒரு மச்சம் இருந்துச்சு,” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். எனக்குப் பூஞ்சை மட்டும்தான் தெரிந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.